கருவித் திருத்தம்

பிப்ரவரி 9

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கினால் நீங்கள் எரிச்சல்படுவீர்கள். அம்மா போனபோது கூடத்தின் இந்தக் கோடியில் நானும் அந்தக் கோடியில் நீங்களுமாக உட்கார்ந்திருந்தோம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஆகிறது. அன்றும் நாம் பேசவில்லை. போனில் கூப்பிடலாம் என்று பார்த்தால், உங்களுக்குக் காது அறவே கேட்பதில்லை, காது மெஷினை டப்பாவிலிருந்து எடுத்ததே இல்லை என்று உங்கள் அறைக்குக் கீழே சைக்கிள் கடை வைத்திருப்பவர் சொன்னார். ஆகவே கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஆய்வு நிலையத்திலிருந்து ஒரு பெண் விஞ்ஞானி வீட்டுக்கு வந்தார். நம் பனியாறு எவ்வளவு வேகமாக நகர்ந்து வந்திருக்கிறது என்பதை முதலிலிருந்து மறுபடி கணக்கிடுகிறார்களாம். இப்போது செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன. ஆனால் அவை சமீபத்திய வருஷங்களுக்குத்தான். அதற்கு முன்னால் நடந்ததற்கு இரண்டே சாட்சிகள். ஓரத்துப் பாறைமேல் கோணம் அளக்கும் தியோடலைட்டை வைத்து நீங்கள் அளந்தது ஒன்று. பனியைத் துளைத்து அடியிலிருந்து என் வீட்டுக்காரர் அளந்தது மற்றொன்று. இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஏன் என்பதற்கு நிலையத்துக் கோப்பில் ஒரே காரணம்தான் இருக்கிறது: ‘துளை அளவீட்டாளரின் கவனக்குறைவு.’ பத்தொன்பது வருஷத்துக்கு முன் நீங்கள் எழுதிய அறிக்கை.

“உங்க வீட்டுக்காரர் நோட்டு ஆறையும் பார்த்துட்டேன்மா. உங்க அண்ணனோட நோட்டு பதினாலும் கிடைச்சா, தப்பு எந்தப் பக்கம்னு ரெண்டு நாள்ல சொல்லிடுவேன். கிடைக்கலேன்னா கோப்புல இருக்கிறதைத்தான் அடிக்குறிப்பா போடணும்,” என்றார் அந்தப் பெண். செப்டம்பரில் அச்சுக்குப் போகிறது.

இவருக்கு நுரையீரல் பாதிக்குமேல் வேலை செய்யவில்லை. கோடையைத் தாண்டுவார் என்று டாக்டர் சொன்னார். குளிர்காலத்தைப் பற்றி நான் கேட்டேன். மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

நோட்டுகளை அனுப்புங்கள். இவர் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

சின்னவள்


பிப்ரவரி 21

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. சைக்கிள் கடைக்காரனுக்கு வாய் நீளம். அந்த மெஷினைக் காதில் வைத்தால் தெரு இரைச்சல் முழுவதும் உள்ளே வருகிறது, மனிதர் பேசுவது மட்டும் வருவதில்லை. அதனால் வைக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு உடம்பு முடியவில்லை என்பது வருத்தமான செய்தி. அதை மனதாரச் சொல்கிறேன். ஆனால் நோட்டுகள் தர முடியாது.

பதினாலு கோடை அந்த மலையில் இருந்தேன். நிலையம் வெளியிட்ட புத்தகத்தில் என் பெயர் எங்கே இருக்கிறது தெரியுமா? கடைசிப் பக்கத்தில், சமையல்காரருக்கும் ஜீப் ஓட்டுநருக்கும் நடுவில், ‘உதவியாளர்’ என்று. அட்டவணை முழுவதும் என் எண்கள். அதன் தலையில் பட்டம் வாங்கிய நாலு பேரின் பெயர்கள். அப்போது யாரும் என் நோட்டைக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள் என்றால், தப்புக் கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார்கள்.

எட்டாவதோடு நின்றவன் நான். நீ அறிவாய். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த நில அளவைப் புத்தகம் ஒன்றை வாங்கி, கோணக் கணக்கு அத்தனையும் நானே தலையை முட்டிக்கொண்டு கற்றேன். நீராவிக் குழாயால் பனியில் துளை போட்டு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை பதின்மூன்று கழிகளை ஒரே நேர்க்கோட்டில் நட்டவன் நான். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தக் கோடு வில்லாக வளைந்திருக்கும். நடுவில் பனி விரைந்து போகும், ஓரத்தில் தயங்கும். கண்ணால் பார்த்தால் அசையாமல் கிடக்கிற ஒன்று இப்படிக் கோட்டை வளைத்துவிட்டுப் போயிருப்பதை முதல் தடவை பார்த்தபோது, பட்டம் வாங்கியவர்களெல்லாம் கூடாரத்துக்குள் இருந்தார்கள். நான்தான் வெளியே நின்றேன்.

நகர்வதை அளக்க நகராத ஓர் இடம் வேண்டும். அதற்காக நான் ஒரு வாரம் அலைந்து தேர்ந்தெடுத்தது அந்தப் பாறை. வீடு போலப் பெரியது. சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். உச்சியில் செம்பு ஆணி அடித்து, அதற்கு நேர் மேலேதான் எப்போதும் கருவியின் முக்காலியை வைத்தேன். பனியின் வேகம் குறைகிறது என்று நான் எழுதியபோது, அந்தப் பாறையைப் பற்றித்தான் மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில் சொன்னார், “மச்சான், பனி ஒழுங்காத்தான் ஓடுது. உங்க பாறைக்குத்தான் கால் முளைச்சிருக்கு. சாயங்காலமானா கயிறு போட்டுக் கட்டிட்டு வாங்க,” என்று. ஒன்பது பேர் சிரித்தார்கள். சமையல்காரன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். நீ இருந்திருந்தால் நீயும் சிரித்திருப்பாய்.

துளையில் இறக்கிய கம்பியின் உருளையை அவர் சரியாக முடுக்கவில்லை. கம்பி தளர்ந்து வருஷா வருஷம் அதிகமாகக் காட்டியது. அதை எழுதினேன். எழுதியது எழுதியதுதான்.

அண்ணன்


மார்ச் 4

அண்ணனுக்கு,

நான் அந்த மேஜையில் இல்லை. எங்கே இருந்தேன் என்று சொல்கிறேன். நகரத்து அலுவலகத்தில், தட்டச்சுப் பிரிவில், ஜன்னலிலிருந்து இரண்டாவது நாற்காலியில். உங்கள் அறிக்கை மலையிலிருந்து தபால் பையில் டைரக்டருக்கு வந்தது. அவர் படித்துவிட்டு எங்கள் பிரிவுக்கு அனுப்பினார். உங்கள் கையெழுத்தைப் படிக்க எனக்குத்தான் பழக்கம் என்று பிரிவுத் தலைவி அதை என் தட்டில் போட்டார். மூன்று நகல். ‘கவனக்குறைவு’ என்ற சொல் நாலு இடத்தில் வந்தது. ஓரிடத்திலும் எனக்குக் கை பிசகவில்லை. அழிப்பான் தேவைப்படவில்லை. அவ்வளவு சுத்தமாக அடித்துக் கொடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவரை மலையிலிருந்து இறக்கிச் சாமான் கிடங்கில் போட்டார்கள். கயிறு, பனிக்கோடரி, கூடாரத் துணி. கொடுப்பது, திரும்ப வாங்குவது. தரைத்தளம், வடக்குச் சுவர் முழுக்க ஈரம். நீங்கள் அதற்குப் பிறகும் ஐந்து கோடை மேலே போனீர்களே, ஒவ்வொரு தடவையும் உங்கள் கயிற்றை எடுத்து வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு முழம் விடாமல் விரலால் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார். உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. கிடங்குக்கு நீங்கள் ஆளைத்தான் அனுப்புவீர்கள்.

இப்போது பாறை. அந்தப் பெண் ஒரு படத்தை மேஜைமேல் விரித்தார். செயற்கைக்கோள் ஒரே இடத்தைப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு தடவை மேலிருந்து ரேடார் அலையால் தொட்டுப் பார்க்குமாம். நடுவில் தரை ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும், திரும்பி வருகிற அலையில் அது தெரிந்துவிடுமாம். நகராத மலை படத்தில் ஒரே நிறமாக இருக்கிறது. நகர்கிற பனிமேல் வண்ணக் கோடுகள் வரிவரியாக ஓடுகின்றன. உங்கள் பாறை எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். வண்ணக் கோடு அதன்மேலும் ஏறிப் போகிறது.

“பாறை நல்ல பாறைதான்மா. ஆனா மலையோட ஒட்டின பாறை இல்ல. அடியில பழைய பனி, அதுமேல சரளை மூடிக் கிடக்கு, சரளைமேல இது உட்கார்ந்திருக்கு. இப்ப வருஷத்துக்கு முப்பத்தெட்டு சென்டிமீட்டர் இறங்குது,” என்றார்.

இவர் பனியின் அடி வரை சுடுநீரால் துளை போட்டு, கீழே மலைப்பாறையில் ஆணியை இறுக்கி, அதில் கட்டிய கம்பியை மேலே உருளையில் சுற்றி வைத்தார். பனி நகர நகரக் கம்பி கீழே இழுபட்டுப் போகும். துளை எவ்வளவு சாய்ந்தது என்பதையும் பார்த்து இரண்டையும் கூட்டுவார். அவருடைய ஆணி இருந்தது மலையில். உங்கள் ஆணி இருந்தது பனிமேல். எனக்குத் தட்டச்சு மட்டும்தான் தெரியும், எனக்கே இது புரிகிறது.

சின்னவள்


மார்ச் 19

சின்னவளுக்கு,

அதை அடித்தது நீ என்பது எனக்குத் தெரியாது. டைரக்டர் பெயருக்கு உறையிட்டு ஒட்டி அனுப்பினேன். பிறகு யார் கைக்குப் போகும் என்று யோசிக்கவில்லை. இதை நீ அப்போதே சொல்லியிருக்கலாம்.

கயிற்றைப் பற்றியும் தெரியாது.

மற்றபடி, எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிற ஒன்று என் பாறையைப் பற்றிச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அந்தப் பெண் அதன்மேல் ஏறி நின்றிருக்கிறாரா? கையால் தட்டிப் பார்த்திருக்கிறாரா? சரளை வழுக்கி இறங்கியதைப் படம் பாறை என்று காட்டியிருக்கலாம். இப்போது நகர்ந்தால் அப்போதும் நகர்ந்தது என்று எப்படிச் சொல்ல முடியும்?

ஜூனில் பாதை திறக்கும். நானே போய் அளக்கப் போகிறேன். எனக்கு எழுபத்து மூன்று என்று எழுதாதே. தெரியும்.

அண்ணன்


மே 2

அண்ணனுக்கு,

போக வேண்டாம். அளக்க வேண்டியதெல்லாம் அளந்து உங்கள் கட்டிலுக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதைத் திறந்தால் போதும்.

நீங்கள் மலைக்குப் போவதாக எழுதியதை இவரிடம் படித்துக் காட்டினேன். மூக்கில் குழாயை வைத்துக்கொண்டு சிரிக்கக் கூடாது, இருமல் வந்துவிடும். சிரித்தார். “போகட்டும் விடு. மச்சானுக்கு யார் சொன்னாலும் ஏறாது. மலை சொன்னா ஏறும்,” என்றார். பிறகு கால் மணி நேரம் இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆக்சிஜன் சிலிண்டரை மூன்றாவது மாடிக்குத் தூக்கி வருகிறவர் வாரத்துக்கு இரண்டு தடவை வருகிறார். முன்பு ஒரு தடவை.

சின்னவள்


ஜூன் 24

சின்னவளுக்கு,

போய் வந்துவிட்டேன். முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன, வேறொன்றும் இல்லை.

ஒரு சுமைக்காரரை அமர்த்திக்கொண்டேன். ஐம்பது வயசு, குரல் மட்டும் இருபது. பழைய தியோடலைட் பெட்டியைத் தோளில் ஏற்றியதும் என் காதருகே வந்து கத்தினார், “ஐயா, இதுக்குள்ள பாறைதான இருக்கு? மேல கொண்டுபோய் வைக்கப் போறீங்களா?” என்று. மேலே நிலையத்தார் தங்கிய எங்கள் குடிசையின் கூரைத் தகடு பறந்துபோய்விட்டது. சாப்பாட்டு மேஜை மட்டும் நிற்கிறது. அதன்மேல் பனி.

பாறை இருக்கிறது. செம்பு ஆணி பச்சை பூத்திருக்கிறது. அதன்மேல் முக்காலியை நிறுத்தி நூற்குண்டை இறக்கிச் சரிபார்க்கவே முற்பகல் போய்விட்டது. எதிரே மலைச் சுவரில் நான் தீட்டிய வெள்ளைச் சிலுவையும், பள்ளத்தாக்கின் தலைப்பில் உள்ள சிவப்பு வளையமும் இன்னும் தெரிகின்றன. இரண்டும் மலையோடு ஒட்டிய பாறைகள். ஆணியின் மேல் நின்று அவை இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்தால் போதும். பாறை நகரவில்லை என்றால், முதல் வருஷம் முதல் நோட்டில் எழுதிய அதே கோணம் வர வேண்டும்.

இருபது தடவை அளந்தேன். மறுநாள் காலை கருவியைக் கழற்றி மாட்டி மறுபடி இருபது தடவை. மூன்றாம் நாள், நான் படித்த அளவைச் சொல்லாமல், சுமைக்காரரையே கருவியைப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டேன். ஒரே விடைதான் வந்தது.

இருபத்தெட்டு வருஷத்தில் ஒன்பது மீட்டர் அறுபது.

இறங்கி வரும்போது பாறையின் காலடியைச் சுற்றி நடந்தேன். கீழ்ப்பக்கத்துச் சரளை இடிந்து ஒரு பொந்து விழுந்திருக்கிறது. குனிந்து பார்த்தேன். உள்ளே பனி. அழுக்கே இல்லாத நீலம். கையை வைத்தேன். நனைந்தது. நான் வீடு என்று சொன்ன பாறை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

“என்னங்கய்யா, ஏதாச்சும் தொலைஞ்சு போச்சா?” என்று சுமைக்காரர் கத்தினார். இல்லை என்றேன்.

ஆக, பாறை நகர்கிறது. அந்தப் பெண் சொன்னது சரி, மாப்பிள்ளை சொன்னதும் சரி. எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்தக் கடிதமே சாட்சி. ஆனால் அன்றைக்கு அதை யாராலும் அறிந்திருக்க முடியாது. சரளைக்கு அடியில் பனி இருந்ததை யார் கண்டார்? என்னிடம் இருந்த கருவியை வைத்து, என்னால் முடிந்ததை எழுதினேன். இதையும் அவரிடம் படித்துக் காட்டு.

அண்ணன்


ஜூலை 6

அண்ணனுக்கு,

படித்துக் காட்டினேன். கண்ணை மூடியபடிதான் கேட்டார். பொந்துக்குள் கை வைத்த இடத்தில் கண்ணைத் திறந்து, “நீலமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

‘யாராலும் அறிந்திருக்க முடியாது’ என்ற வரி வந்தபோது என் கையைத் தட்டினார். இப்போதெல்லாம் பேச மூச்சு பற்றாது, அதனால் ஒரு பேச்சுக்கு நாலு சொல்தான். “ஒன்பதாவது நோட்டு. கடைசிப் பக்கம்,” என்றார்.

என்ன இருக்கிறது அதில் என்று கேட்டேன். “மச்சானைக் கேளு,” என்றார்.

கேட்கிறேன்.

சின்னவள்


ஜூலை 15

சின்னவளுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. ஐந்து நாளும் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்துதான் தெரிய வேண்டும் என்றில்லை. அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பத்தொன்பது வருஷமாக எனக்குத் தெரியும்.

என் நோட்டில் ஒவ்வொரு வருஷமும் ஒரு பத்தி உண்டு. அதற்கு ‘கருவித் திருத்தம்’ என்று பெயர் வைத்திருந்தேன். சிலுவைக்கும் வளையத்துக்கும் இடையிலுள்ள கோணம் ஒவ்வொரு கோடையிலும் போன கோடையைவிடக் கருவி வட்டத்தில் இரண்டு கோடு, இரண்டரைக் கோடு குறைவாக வரும். அரைக் கோடு பிசகினாலே மறுபடி அளப்பவன் நான். ஆனாலும் கருவி பழசு, வட்டம் தேய்ந்திருக்கிறது என்று எழுதி, அந்தக் குறைவைத் திருத்தமாகப் போட்டுச் சரிக்கட்டிவிடுவேன். பாறையைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை. கருவி நிலையம் கொடுத்தது. பாறை நான் தேர்ந்தெடுத்தது.

ஒன்பதாம் வருஷம் மாப்பிள்ளை மேஜையில் அப்படிச் சொன்னாரே, அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது, யாரும் வெளியே போகவில்லை. சாப்பாடு முடிந்ததும் என் கட்டிலில் உட்கார்ந்து, அவர் சொன்னது தப்பு என்று கணக்குப் போட்டுக் காட்டவே நோட்டுகளை எடுத்தேன். இரண்டாம் வருஷத்திலிருந்து போட்ட திருத்தங்களையெல்லாம் ஒன்பதாவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினேன். கருவி தேய்ந்தால் ஒரு வருஷம் இந்தப் பக்கம் பிசகும், ஒரு வருஷம் அந்தப் பக்கம் பிசகும். அட்டை கிழிந்த என் புத்தகத்திலேயே அது இருக்கிறது. எழுதியது எட்டு எண். எட்டும் ஒரே பக்கம்.

மேஜை பத்தடி தூரத்தில் இருந்தது. அவர்கள் இன்னும் அங்கேயே சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய், “மாப்பிள்ளை, நீங்க சொன்னது சரிதான்,” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. சிரித்த ஒன்பது பேர் முன்னால் என் கால் எழவில்லை. அவர் பட்டதாரி, அவருக்கு அது ஒரு விளையாட்டுப் பேச்சு. எனக்கு அந்தப் பாறை தவிர வேறு படிப்பு இல்லை. கூட்டலை அடித்தேன். அதே பென்சிலால், அதே இடத்தில் உட்கார்ந்து, அறிக்கையை எழுதத் தொடங்கினேன். சாயங்காலம் தபால் பையில் போட்டேன்.

அடித்த பக்கத்தை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

பதினாலு நோட்டையும் இன்று அந்தப் பெண்ணுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒன்பதாவதில் கடைசிப் பக்கத்துக்குள் அடையாளத் தாள் வைத்திருக்கிறேன். மேலே எழுதியது அனைத்தையும் தனியாக எழுதிக் கையெழுத்திட்டு டைரக்டருக்கும் அனுப்பியிருக்கிறேன். கவனக்குறைவு இல்லை, உருளை ஒழுங்காகத்தான் இருந்தது, பொய் எழுதினேன் என்று.

மாப்பிள்ளையை ஒரு வரி எழுதச் சொல். திட்டியாவது. கை நடுங்கினாலும் பரவாயில்லை, எனக்குப் படிக்க வரும்.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அண்ணனுக்கு,

உங்கள் மாப்பிள்ளை ஜூலை 23 காலையில் போய்விட்டார். போன் செய்து யாரையும் கூப்பிட எனக்குத் தெம்பில்லை. மூன்றாவது மாடியிலிருந்து இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது. சிலிண்டர்காரரும் வந்து ஒரு கை பிடித்தார்.

உங்கள் கடிதம் 20-ஆம் தேதியே வந்துவிட்டது. படித்தேன். முழுவதும் கேட்டார். மன்னித்தேன் என்றோ, இல்லை என்றோ சொன்னதாக எழுத எனக்கு ஆசைதான், ஏதாவது ஒன்றை எழுதித் தொலைக்கலாம். ஆனால் அவர் கேட்டது வேறு. முந்தைய கடிதத்தில் நீங்கள் மேலே அளந்த பகுதியை மறுபடி படிக்கச் சொன்னார். இரண்டு தடவை. “சுமைக்காரரைப் படிக்க வச்சாரா? நல்ல யோசனை,” என்றார். போவதற்கு முந்தின நாள் மாலை, “ஒன்பது அறுபது. மச்சான் இன்னும் நல்லாத்தான் அளக்கிறார்,” என்றார். அதுதான் உங்களைப் பற்றி அவர் கடைசியாகப் பேசியது.

அந்தப் பக்கத்தை அவர் எப்படிப் பார்த்தார் என்று கேட்டேன். மறுநாள் நீங்கள் குறிகளின்மேல் பனியைத் தட்டிவிடப் போயிருந்தபோது, தன் எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் நோட்டைத் திறந்தாராம். அடித்திருந்தாலும் பென்சில்தானே, படிக்க முடிந்ததாம். அறிக்கை அதற்குள் மலையிறங்கிவிட்டது. பின்னால் விசாரணை வந்தபோது டைரக்டரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை என்றேன். இரண்டு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சேர்த்து எழுதுகிறேன்.

“என்கிட்ட டிகிரி இருக்கு. கிடங்குலயாவது போடுவாங்க. மச்சான்கிட்ட அந்த நோட்டு மட்டும்தான் இருக்கு. அதையும் பிடுங்கிட்டா மனுஷன் எங்க போவார்? அவரே ஒரு நாள் வந்து சொல்வார்னு நினைச்சேன்.”

ஒவ்வொரு கோடையும் உங்கள் கயிற்றைத் தடவியபடி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆம்பளைகள் இரண்டு பேரும் உங்களுக்குள் முடிவு செய்துகொண்டீர்கள். நீங்கள் பொய்யை எழுதினீர்கள், அவர் உண்மையை விழுங்கினார். நடுவில் நான் மூன்று நகல் அடித்தேன். ஈரச் சுவருக்குப் பக்கத்தில் அவரோடு வயசானேன். உனக்குச் சம்மதமா என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. அவர்மேல் உள்ள கோபத்தை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. உங்கள்மேல் உள்ளதை வைக்க இடம் இருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும். வந்து பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள்.

அவருடைய ஆறு நோட்டுகளை இத்துடன் அனுப்புகிறேன். விஞ்ஞானி நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிட்டார். எனக்கு வீட்டில் வைத்திருக்கவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. படிக்கத் தெரிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான் மிச்சம்.

சின்னவள்


செப்டம்பர் 12

சின்னவளுக்கு,

வரவில்லை. நீ சொன்னபடி இருக்கிறேன். இதற்குப் பதிலும் எழுத வேண்டாம். ஆனால் இதை நீ அறிந்திருக்க வேண்டும்.

நிலையத்திலிருந்து வந்த கடிதத்தின் நகலை இணைத்திருக்கிறேன். மாப்பிள்ளையின் கோப்பிலிருந்து அந்த அறிக்கையை நீக்கிவிட்டார்கள். புதிய அட்டவணையில் அடிக்குறிப்பு இல்லை. துளை அளவீடு என்ற பத்தியின் தலைப்பில் அவர் பெயர் முழுதாக இருக்கிறது. என் பெயரையும் பாறை அளவீட்டின் தலைப்பில் போடலாமா என்று அந்தப் பெண் கேட்டு எழுதினார். பெயர் இல்லை என்று இத்தனை வருஷம் கத்தியவன் நான். வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

மாப்பிள்ளையின் நோட்டுகளைப் படித்தேன். இதுவரை பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே அவர் அளவு தப்பு என்று எழுதியிருக்கிறேன். சிறிய, உருண்டையான எழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் ‘உருளை முடுக்கிச் சரிபார்த்தேன்’ என்று இருக்கிறது. ஒரு பக்கம்கூட விடவில்லை.

என் நோட்டுகளின் நகலை அந்தப் பெண் அனுப்பியிருந்தார். என் மேஜை சின்னது. நடுவில் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு பேர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். நான் திருத்தம் என்று எழுதி ஒதுக்கிய கோடுகளைப் பாறை நகர்ந்த நீளமாக மாற்றி, அதை என் எண்ணோடு கூட்டினேன். நாலாம் வருஷம் என் அளவு இரண்டு மீட்டர் ஐம்பது, பாறை முப்பது சென்டிமீட்டர், ஆக இரண்டு எண்பது. மாப்பிள்ளை எழுதியிருப்பது இரண்டு எண்பத்தொன்று. ஐந்தாம் வருஷம் அச்சாக ஒன்று. ஒன்பதாம் வருஷம், அந்தச் சண்டை வருஷம், எனக்கு இரண்டு நாற்பத்தொன்று, பாறை முப்பத்தாறு, ஆக இரண்டு எழுபத்தேழு. அவருக்கு இரண்டு எழுபத்தெட்டு.

பனி வேகம் குறைகிறது என்று நான் எழுதியதற்குக் காரணம், பாறையின் வேகம் கூடியதுதான். மற்றபடி நான் மேலிருந்து அளந்ததும் அவர் கீழிருந்து அளந்ததும் ஒரே எண். முந்நூறு மீட்டர் பனிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று, ஒரு விரற்கடைக்குள் ஒரே எண்ணை எழுதியிருக்கிறோம். இரண்டு நோட்டையும் ஒரே மேஜையில் வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இன்று எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆயிற்று, இந்தக் கண்ணோடு.

ஏழாம் வருஷம் மட்டும் ஒன்பது சென்டிமீட்டர் இடிக்கிறது. நாலு தடவை கூட்டிப் பார்த்தேன். இரண்டு பேரில் ஒருவர் அந்தக் கோடையில் எதையோ தவறாகப் படித்திருக்கிறோம். அவர் கம்பியைப் படிக்கையில் பிசகினாரா, நான் கோணத்தைப் படிக்கையில் பிசகினேனா என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவரைக் கேட்டால் தெரியும். அந்தக் கோடையில் என்ன வானிலை, யார் உடனிருந்தார்கள் என்று எல்லாம் நினைவு வைத்திருப்பார்.

அந்தப் பெண்ணும் இதைக் கேட்டு எழுதியிருந்தார், அட்டவணையில் ஏதாவது ஒன்றைப் போட்டாக வேண்டுமாம். பிழை என்னுடையது என்று எழுதி அனுப்பினேன்.

அண்ணன்